காலையில் மட்டும் காணாமல் போகும் கிராபிக்ஸ் கார்டு

4 ஜனவரி 2024, காலை 8.40

ஊட்டியில் காந்தல் பக்கம் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். 2019இல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். பத்து நாளாக ஒரே தொல்லை. காலையில் முதல் தடவை ஆன் செய்தால் கிராபிக்ஸ் கார்டு இல்லவே இல்லை. ஃபேன் எல்லாம் சுற்றுகிறது. மதர்போர்டில் விஜிஏ என்று எழுதிய குட்டி விளக்கு எரிகிறது. மானிட்டரில் சிக்னல் இல்லை. ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்து, மூன்றாவது நான்காவது தடவையில் ஒன்றுமே நடக்காதது போல் வந்துவிடுகிறது. அதன் பிறகு ராத்திரி வரை ஒரு பிரச்சினையும் கிடையாது. இரண்டு மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டாலும் அசையாமல் ஓடுகிறது.

போன மாதக் கடைசியில் டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், அதற்கு அப்டேட் ஒன்று வந்தது. தொல்லையும் அப்போதுதான் தொடங்கியது. அதனால் டிரைவர்தான் காரணம் என்று நினைக்கிறேன். வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா? தை பிறந்தால் வேலை குவியும், அதற்குள் சரி செய்தாக வேண்டும்.

4 ஜனவரி, இரவு 11.15

காலையில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். டிரைவர் காரணமாக இருக்க முடியாது. இரண்டு மணி நேரம் செலவழித்து டிரைவரைச் சுத்தமாகத் துடைத்து, பழைய பதிப்பைப் போட்ட பிறகுதான் இது உறைத்தது. டிரைவர் வேலைக்கு வருவதே விண்டோஸ் ஏறிய பிறகு. எனக்கோ அதற்கு முன்னால் வரவேண்டிய மதர்போர்டு லோகோவே வருவதில்லை. லோகோவும், விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருளான பயாஸின் திரையும் வராத இடத்தில் டிரைவரைத் தேடியிருக்கிறேன்.

என் ப்ராசஸருக்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருப்பது நல்லதாகப் போயிற்று. இன்னொரு எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டிலேயே செருகி வைத்துவிட்டேன். கார்டு வராத நேரத்தில் படம் அந்த வழியாக வரும், உள்ளே போய்ப் பார்க்கலாம்.

5 ஜனவரி, காலை 7.50

இன்று வரவில்லை. மதர்போர்டு வழியாக விண்டோஸுக்குள் போனேன். விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் இல்லை. மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொன்னால் மங்கலாக வருகிறது, பிழை எண் (கோடு) 45. சாதனம் இப்போது கம்ப்யூட்டரில் இணைக்கப்படவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பிழை எண் 43 வேறு. அதில் கார்டு கண்ணுக்குத் தெரியும், ஆனால் தன்னிடம் கோளாறு என்று சொல்லும். 43 வந்திருந்தால் டிரைவர், சிப், மெமரி என்று ஒரு பக்கமாகப் போயிருக்கலாம். 45 என்றால் கார்டைச் செருகும் ஸ்லாட் காலி என்றே மதர்போர்டு நம்புகிறது.

விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டுவைப் பென்டிரைவிலிருந்து போட்டும் பார்த்தேன். மதர்போர்டில் இருக்கும் சாதனங்களைக் காட்டும் பிசிஐ பட்டியலில் சவுண்டு, நெட்வொர்க் எல்லாம் இருக்கிறது, கார்டு இல்லை. ஆகவே விண்டோஸையும் சந்தேகப்பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம்.

5 ஜனவரி, மதியம்

கேட்டவருக்காக: உங்களுக்கு இருப்பது வேறு பிரச்சினை என்று தோன்றுகிறது. விண்டோஸ் வந்த பிறகு படம் நன்றாக வருகிறது, பயாஸ் திரை மட்டும் தெரிவதில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் கார்டு இருக்கிறது, மானிட்டர்தான் தாமதமாக விழிக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை எடுத்துவிட்டு எச்டிஎம்ஐயில் போட்டுப் பாருங்கள். கார்டு இல்லாததையும் படம் இல்லாததையும் முதலிலேயே பிரித்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

6 ஜனவரி

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்கச் சொல்லி மூன்று பேர் சொன்னீர்கள். அணைத்துவிட்டேன். அது இருந்தால் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் ஆகாது. விண்டோஸின் உள்பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்து, மறுநாள் அப்படியே தூக்கி வைக்கும். ரீஸ்டார்ட்தான் உண்மையில் முதலிலிருந்து தொடங்குவது. ஷட்டவுன் செய்து ஆன் செய்தால் தொல்லை, ரீஸ்டார்ட் செய்தால் தொல்லையில்லை என்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். எனக்கு இதனால் மாற்றமில்லை, இன்று காலையும் மூன்று தடவை. ஆனாலும் அணைத்தே வைக்கிறேன். ஒவ்வொரு காலையும் ஒரே மாதிரி தொடங்கினால்தான் ஒப்பிட முடியும்.

மதர்போர்டு பேட்டரியையும் மாற்றினேன், சிஆர்2032. பழையது 2.9 வோல்ட் காட்டியது, நேரமும் தவறியதில்லை. அதுவும் காரணமில்லை.

7 ஜனவரி

இன்று ஞாயிறு, நிதானமாகக் கேபினெட்டைத் திறந்தேன். கார்டைக் கழற்றினேன். கீழ்விளிம்பில் இருக்கும் தங்க முலாம் பூசிய பட்டைகளை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துணியால் துடைத்தேன், துணியில் லேசாக அழுக்கு ஏறியது. ரப்பர் வைத்துத் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம் ஊரில் ரேம் முதல் எல்லாவற்றுக்கும் பென்சில் ரப்பர்தான் மருந்து, தெரியும். எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, ரப்பர் அதை உரசி எடுக்கும். உரசி விழும் தூள் ஸ்லாட்டுக்குள் போய் உட்கார்ந்தால் புதுத் தொல்லை. ஆல்கஹாலுக்கும் போகாத கறை இருந்தால் கடைசி வழியாக மென்மையான வெள்ளை ரப்பர், அவ்வளவுதான்.

ஸ்லாட்டில் நேராக வைத்து, பூட்டு டக் என்று விழும் வரை அழுத்தினேன். பின்பக்கத் தகட்டின் திருகுகளை ஒரே பக்கமாக இறுக்கினால் கார்டின் மறுமுனை தூக்கிக்கொள்ளும். அதனால் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். கார்டின் வால் தொங்காமல் இருக்கக் கீழே ஒரு மரக்கட்டை முட்டு. பவர் கேபிளையும் கழற்றி மாட்டினேன்.

10 ஜனவரி

மூன்று காலைகள், மூன்று தடவையும் முதல் முறையிலேயே வந்தது. ஸ்லாட் தொடர்புதான் பிரச்சினை, துடைத்து மாட்டியதில் தீர்ந்தது. உதவிய எல்லோருக்கும் நன்றி.

12 ஜனவரி, காலை 7.30

தீரவில்லை. இன்று நான்கு தடவை. அவசரப்பட்டுத் தீர்ந்தது என்று எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு யாராவது கார்டைத் துடைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால் மன்னிக்கவும்.

12 ஜனவரி, மாலை

ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே மாட்டியவுடன் வந்தது. மறுபடி மறுபடி ஆன் செய்தும் வந்துகொண்டே இருந்தது. அப்படியும், சிப்புக்குக் கீழே ஈயம் விட்டிருக்கும், சிப்பைக் கழற்றிப் புது ஈயம் வைத்து ஒட்ட வேண்டும் (ரீபால்), 4,500 ரூபாய் என்றார்கள். நோயை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காமல் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கார்டை அடுப்பு ஓவனில் வைத்துச் சூடாக்கச் சொன்னவருக்கு: தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். சில நாள் உயிர் பிடித்ததாகத் தோன்றும், பிறகு திரும்பப் படுத்துவிடும். பிளாஸ்டிக்கும் கெபாசிட்டரும் கெடும். வருகிற புகை சாப்பாடு செய்கிற ஓவனுக்குள்தான் படியும்.

14 ஜனவரி

இன்று போகி. பழைய குப்பைகளை எடுத்துப் போடும்போது பாதி எழுதாத நோட்டு ஒன்று கிடைத்தது. அதில் கோடு போட்டுவிட்டேன்: தேதி, நேரம், அறை வெப்பம், எத்தனையாவது தடவை வந்தது, குறிப்பு. சுவர்க் கடிகாரத்தில் வெப்பமானி இருக்கிறது. முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். வந்து வந்து போகிற கோளாறில் ஞாபகத்தை நம்பினால் கடைசியாக எதைத் தொட்டோமோ அதுவே காரணமாகத் தோன்றுகிறது.

20 ஜனவரி

ஆறு நாள் கணக்கு. அறையில் 9 டிகிரி இருந்த அன்று மூன்றாவது தடவை. 8 டிகிரி, நான்காவது. 14 டிகிரி, முதல் தடவையே. 10 டிகிரி, இரண்டாவது. 13 டிகிரி, முதல் தடவை. 8 டிகிரி, மறுபடி நான்கு.

குளிர்தான்! சர்வீஸ் கடையில் ஏன் வந்தது என்பதும் புரிகிறது. நான் போனது மாலை, கடைக்குள் பத்துப் பேர், மேலே பல்பு.

அதைவிட ஒன்று. 8, 9, 10 தேதிகளில் ஏன் ஒழுங்காக வந்தது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தபோது புரிந்தது. அவர் கேரட் போட்டிருக்கிறார், உறைபனி விழுந்த நாளெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த மூன்று ராத்திரியும் மேகம் மூடியிருந்தது, பனி விழவில்லை என்றார். மலையில் இருப்பவர்களுக்கு இது தெரியும். வானம் தெளிவாக இருந்தால் தரையின் சூடு மேலே போய்விடும், காலையில் தலைகுந்தா, காந்தல், ரேஸ்கோர்ஸ் எல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி. நான் கார்டைத் துடைத்ததால் வந்ததென்று நினைத்த மூன்று நாளும் மேகத்தால் வந்தவை.

21 ஜனவரி

இன்று 8 டிகிரி. ஆன் செய்யும் முன் பக்கக் கதவைத் திறந்து, தலைமுடி உலர்த்தும் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, தள்ளிப் பிடித்து ஐந்து நிமிடம் உள்ளே காட்டினேன். முதல் தடவையே வந்தது. குளிர் உறுதி. குளிரில் எந்தப் பொருள் என்பதுதான் இனி கேள்வி.

சென்னையில் கடலோரம் இருப்பவர் தனக்கும் காலையில்தான் என்று எழுதியிருக்கிறார். உங்களுக்குக் குளிர் இருக்காது. உப்புக் காற்றை நினையுங்கள். பட்டைகளில் பச்சையாக ஏதாவது பூத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். என் மருந்து உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

24 ஜனவரி

ஆன் பொத்தானை அழுத்திய முதல் நொடியில் என்ன நடக்கிறது என்று படித்தேன். இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் முதலில் தன் வோல்டேஜ்களை நிலைப்படுத்துகிறது. எல்லாம் சரி என்று மதர்போர்டுக்கு ஒரு கம்பி வழியாகத் தகவல் சொல்கிறது. மின்சாரம் நிலைத்த பிறகும் குறைந்தது 100 மில்லிவினாடி கார்டை ரீசெட்டிலேயே, அதாவது இயங்கவிடாமல், பிடித்து வைக்க வேண்டும் என்பது கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் முறையான பிசிஐ எக்ஸ்பிரஸின் விதி. பிறகு ரீசெட்டை விடுவார்கள். விட்ட 20 மில்லிவினாடிக்குள் கார்டு தன் பக்கத்திலிருந்து பேச்சைத் தொடங்கத் தயாராக வேண்டும். இரண்டு பக்கமும் முதலில் எதிரே ஆள் இருக்கிறதா என்று பார்க்கும், பிறகு ஒன்றோடொன்று தாளம் பிடிக்கும், பிறகு எத்தனை தடங்கள் என்று ஒத்துக்கொள்ளும். அதெல்லாம் முடிந்த பின் பயாஸ் ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டு போகும். அந்த நேரத்தில் பதில் வராத ஸ்லாட் காலி ஸ்லாட். அப்புறம் ஒரு வினாடி கழித்துக் கார்டு விழித்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்கு வயதானால் உள்தடை கூடும், குளிரில் இன்னும் கூடும். ஆகவே என் ஊகம்: குளிர் காலையில் கார்டின் மின்சுற்று மெதுவாக எழுகிறது, பயாஸ் கேட்கும்போது தயாராக இல்லை.

இதைச் சோதிக்க ஒரு வழியும் இருக்கிறது. கார்டு வராதபோது ஆஃப் செய்யாமல் ரீசெட் பொத்தானை மட்டும் அழுத்த வேண்டும். மின்சாரம் போகாது, கார்டு ஏற்கெனவே எழுந்திருக்கும், பயாஸ் மறுபடி கேட்கும். அப்படி வந்தால் தாமதம்தான் நோய்.

27 ஜனவரி

மூன்று காலையும் சோதித்தேன். முதல் நாள் ரீசெட்டில் வந்தது. இரண்டாம் நாளும் வந்தது. மூன்றாம் நாள் முதல் ரீசெட்டில் வரவில்லை, இரண்டாவதில் வந்தது. மூன்றில் இரண்டு. தாமதம் என்ற ஊகம் நிற்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸா கார்டா என்று மட்டும் பிரிக்க வேண்டும்.

28 ஜனவரி

மல்டிமீட்டரில் கார்டுக்குப் போகும் 12 வோல்ட்டை அளந்தேன், 12.1. ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை, ஆகவே சரிதான். ஆனால் மல்டிமீட்டர் காட்டுவது நிலைத்த பிறகான கணக்கு. ஆன் செய்த கணத்தில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்கு விழுந்து எழுந்தால் அதன் கண்ணில் படாது. அதற்கு ஆசிலாஸ்கோப் வேண்டும், என்னிடம் இல்லை.

ஸ்லாட்டிலிருந்து கார்டைத் தள்ளி வைக்க உதவும் நீட்டிப்பான ரைசர் கேபிளில் கார்டை நிற்கவைத்திருப்பவர் கேட்டதற்கு: பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறைக்குச் செய்த ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டைப் போட்டால் வேகம் இரண்டு மடங்கு, வினாடிக்கு 800 கோடிக்குப் பதில் 1,600 கோடி பரிமாற்றம். கேபிள் தாங்காது. பயாஸில் ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறை என்று நீங்களே குறித்துவிடுங்கள். ரைசர் இல்லாமல் நேராக மாட்டியும் ஒரு தடவை பாருங்கள். நானும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், பயன் இல்லை. யோசித்தால் சரிதான். எந்தக் கார்டும் பேச்சைத் தொடங்குவது முதல் தலைமுறை வேகத்தில்தான், பிறகுதான் ஏறும். எனக்கு அந்த முதல் பேச்சே நடப்பதில்லை.

4 பிப்ரவரி

குன்னூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் தன் எஸ்எம்பிஎஸ்ஸைக் கடனாகக் கொடுத்தார். ஐந்து காலை ஓட்டினேன், அதில் நான்கு நாள் 10 டிகிரிக்குக் கீழே. ஐந்தும் முதல் தடவையே. நேற்று என் பழையதைத் திரும்ப மாட்டினேன், இன்று 9 டிகிரி, மூன்றாவது தடவை. ஆக எஸ்எம்பிஎஸ். கார்டுக்கு ஒன்றுமில்லை. அந்த 4,500 ரூபாயும் தப்பியது.

புதிது வாங்க 550 வாட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

4 பிப்ரவரி, இரவு

வாங்கும் முன் ஒரு சந்தேகம். நண்பருடைய எஸ்எம்பிஎஸ்ஸோடு அதன் கேபிள்களும் வந்தன. என்னுடையது பாதி மாடுலர், கார்டுக்குப் போகும் கேபிள் தனியாகக் கழற்றி மாட்டுவது. நான் பெட்டியை மாற்றியபோது கேபிளையும் சேர்த்தே மாற்றியிருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இரண்டை மாற்றியிருக்கிறேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நண்பரின் பெட்டியில் என் கேபிளை மாட்டிப் பார்த்தால் விடை தெரிந்துவிடுமே என்று யாரும் செய்துவிடாதீர்கள். கார்டு பக்கத்து முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு அப்படிப் பொது வழக்கம் கிடையாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், செருகினால் உள்ளே போகும், ஆனால் 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கிரவுண்டு இருக்கலாம். ஆன் செய்தவுடன் கார்டு போய்விடும்.

என் பழைய பெட்டியோடு வந்த பையில் பிரிக்காத இரண்டாவது கேபிள் ஒன்று இருந்த ஞாபகம். பரணில் தேட வேண்டும்.

6 பிப்ரவரி

கேபிள் கிடைத்தது. என் எஸ்எம்பிஎஸ், என் கார்டு, பிரிக்காத புதுக் கேபிள். நேற்று 9 டிகிரி, முதல் தடவை. இன்று 8 டிகிரி, முதல் தடவை.

8 பிப்ரவரி

பழைய கேபிளைத் திரும்ப மாட்டினேன். 9 டிகிரி. முதல் தடவை வரவில்லை.

எஸ்எம்பிஎஸ் அல்ல, கேபிள். நான்காம் தேதி எழுதியதை அடித்துவிடுங்கள்.

8 பிப்ரவரி, இரவு

அப்படியென்றால் ஜனவரி 24இல் நான் ஆசையாக எழுதிய தாமதக் கதை என்ன ஆவது? அந்த விதிகளில் தவறில்லை. என் கம்ப்யூட்டருக்கு அவை காரணமில்லை, அவ்வளவுதான். ஆனால் ரீசெட்டில் ஏன் வந்தது?

நோட்டை எடுத்துப் பார்த்தேன். நேரம் என்ற கட்டத்தில் ஆன் செய்த நேரமும் வந்த நேரமும் எழுதியிருக்கிறேன். ரீசெட்டில் வந்த முதல் நாள் இடைவெளி 6 நிமிடம், அன்று டீ வாங்கிக்கொண்டு வந்து அழுத்தியிருக்கிறேன். இரண்டாம் நாள் 4 நிமிடம். வராத மூன்றாம் நாள் ஒரு நிமிடத்துக்குள்ளேயே அழுத்தியிருக்கிறேன். இரண்டாவது ரீசெட் ஐந்து நிமிடம் கழித்து. ரீசெட் எதையும் குணமாக்கவில்லை. நான் காத்திருந்த நேரத்தில் ப்ராசஸர் சூட்டில் கேபினெட் கதகதப்பாகியிருக்கிறது. மூன்றில் இரண்டு என்று கணக்குச் சொன்னபோது, தவறிய அந்த ஒன்றைத்தான் உற்றுப் பார்த்திருக்க வேண்டும்.

10 பிப்ரவரி

எங்கள் தெருமுனையில் ரேடியோ ரிப்பேர் பார்த்த பெரியவர் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது, கடை மூடிப் பல வருடம். கேபிளைக் காட்டினேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக்கின் வாயைப் பார்த்தார். "தம்பி, இந்த ஒண்ணு மட்டும் உள்ள தள்ளி இருக்கு பாரு" என்றார். எட்டு ஓட்டைகளில் ஏழில் உலோகம் ஒரே மட்டத்தில் இருக்கிறது. ஒன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பின்வாங்கியிருக்கிறது.

"குளிர்ல ஒயர் விறைச்சுக்கும். விறைச்சா இழுக்கும்" என்றார். அவ்வளவுதான். பிவிசி உறை குளிரில் கெட்டியாகும். என் கேபினெட்டின் கண்ணாடிக் கதவு இந்தக் கேபிளைக் கார்டை நோக்கி அமுக்கி, செங்குத்தாக மடக்கி வைத்திருந்தது. ஐந்து வருடம் அப்படி மடங்கி இருந்ததில், உலோகத்தைப் பிளாஸ்டிக்குக்குள் பிடித்து வைக்கும் சின்னக் கொக்கி தளர்ந்துவிட்டது. குளிர்ந்தால் பின்னே போகும், சூடானால் இளகி முன்னே வரும்.

வீட்டுக்கு வந்து எந்த ஓட்டை என்று பார்த்தேன். கார்டுக்குப் போவது 6+2 கேபிள். ஆறு பின் ஒரு துண்டு, இரண்டு பின் தனித் துண்டு, இரண்டையும் சேர்த்துச் செருகினால் எட்டு. அந்த இரண்டு பின் துண்டில் ஒன்று கிரவுண்டு, இன்னொன்று கரண்டு கொடுப்பதற்கே அல்ல, தகவலுக்கு. எட்டு பின் முழுதாக மாட்டியிருக்கிறது என்று கார்டுக்குச் சொல்வது அதுதான். பின்வாங்கியிருந்ததும் அதுதான். ஆறு பின் என்றால் 75 வாட், எட்டு என்றால் 150 வாட் எடுக்கலாம். ஸ்லாட் தன் பங்குக்கு 75 வாட் வரை தரும். தகவல் பின் தொடவில்லை என்றால், கார்டுக்கு எட்டு பின் மாட்டியதாகவே தெரியாது. சில கார்டுகள் கேபிளை மாட்டு என்று திரையில் எழுதும். சில எழுந்திருக்கவே மாட்டா. என்னுடையது இரண்டாவது வகை.

12 வோல்ட் ஏன் சரியாகக் காட்டியது என்பதும் இதோடு தெளிந்தது. 12 வோல்ட்டுக்கு எந்தக் குறையும் இல்லை. நான் அளக்காத கம்பியில் இருந்தது கோளாறு.

11 பிப்ரவரி

கடைசியாக ஒரு சோதனை, பெரியவர் சொன்னபடி. அந்தக் காலத்தில் ரேடியோவில் எது ஆடுகிறது என்று மூங்கில் குச்சியால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்களாம். பழைய கேபிளையே மாட்டினேன், 9 டிகிரி, ஆன் செய்தேன், வரவில்லை. உடனே ஆஃப் செய்து, பின்பக்க சுவிட்சையும் அணைத்தேன். கனெக்டரின் பின்புறம் அந்த ஒரு ஒயரை மட்டும் மூங்கில் குச்சியால் முன்னே தள்ளினேன். ஆன். முதல் லோகோ கார்டு வழியாக வந்தது. ஆஃபில் இருந்து ஆன் வரை அரை நிமிடம்கூட இல்லை, சூடாக நேரமே கிடையாது.

நோட்டில் இதற்குத் தனியாகச் சிவப்பு மையில் கோடு போட்டேன்.

11 பிப்ரவரி, பின்குறிப்பு

ஜனவரி ஏழாம் தேதி துடைத்து மாட்டியபோது கேபிளையும் கழற்றி மாட்டினேன் அல்லவா, அதுவும் கொஞ்சம் உதவியிருக்கலாம். மேகம் மட்டுமே காரணம் என்று ஜனவரி 20ஆம் தேதி அடித்துச் சொன்னதை அந்த அளவுக்குத் தளர்த்திக்கொள்கிறேன்.

13 பிப்ரவரி

பின்னை நெட்டித் தள்ளி அதே கேபிளைப் பயன்படுத்தலாமே என்று கேட்டீர்கள். தளர்ந்த கொக்கியை ஊசியால் நிமிர்த்தலாம், பெரியவர் செய்து தருவதாகவும் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். பக்கத்திலேயே மூன்று 12 வோல்ட் பின்கள் அதே கனெக்டரில் இருக்கின்றன, அவையும் அதே மடிப்பில் ஐந்து வருடம் இருந்தவை. தகவல் பின் நழுவினால் கார்டு வராது, அவ்வளவுதான். 12 வோல்ட் பின் நழுவினால் மற்ற இரண்டும் அதன் சுமையையும் தாங்கும், சூடாகும், கருகும். பழைய கேபிளை நடுவில் வெட்டிப் போட்டுவிட்டேன், தவறியும் யாரும் எடுத்து மாட்டக்கூடாது.

புதுக் கேபிளை மடக்காமல், கனெக்டரிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் நேராகப் போய்ப் பிறகு வளையும்படி விட்டிருக்கிறேன். கண்ணாடிக் கதவு இடிக்கிறது. கதவைக் கழற்றி வைத்துவிட்டு, துணி வலை ஒன்றைக் காந்தத்தால் ஒட்டியிருக்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய கார்டு வாங்கிப் படம் வரவில்லை என்றவருக்கு: அது மிகப் பழைய கார்டு என்றால் யுஇஎஃப்ஐ என்ற புது பயாஸ் முறையில் படம் காட்டத் தெரியாததாக இருக்கலாம். பயாஸில் பழைய முறைக்கு இடம் கொடுக்கும் சிஎஸ்எம் என்ற அமைப்பை இயக்கிப் பாருங்கள். அந்தக் கோளாறு என்றால் படம் எப்போதுமே வராது, எனக்கு வந்தது போல வந்து வந்து போகாது. அதை வைத்தே பிரித்துவிடலாம்.

19 மார்ச்

இதுவரை ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஆனால் தீர்ந்தது என்று எழுத மாட்டேன். பிப்ரவரி கடைசியிலேயே பனி போய்விட்டது, இப்போது காலையிலும் 15க்குக் கீழே இறங்குவதில்லை. வெயிலில் வந்தால் அதில் சாட்சி இல்லை. டிசம்பர் வரட்டும்.

29 டிசம்பர் 2024

கேட்டு எழுதியவர்களுக்கு: மறக்கவில்லை. இந்த வாரம் மேகமாகவே இருக்கிறது, அறையில் 12, 13. எல்லா நாளும் வந்தது, ஆனால் இவை கணக்கில் சேராது. நோட்டு மேசை மேலேயே இருக்கிறது.

8 ஜனவரி 2025, காலை 6.50

ராத்திரி வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. காலையில் அக்காவின் கேரட் வரப்பெல்லாம் வெள்ளை. அறையில் 7 டிகிரி, போன வருடம் குறித்த எந்த நாளையும் விடக் குறைவு. டிரையர் காட்டவில்லை, காத்திருக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன்.

முதல் தடவை. விஜிஏ விளக்கு ஒரு முறை மின்னி அணைந்தது, லோகோ வந்தது.

15 ஜனவரி 2025

எட்டிலிருந்து இன்று வரை எட்டுக் காலை, ஆறு நாள் 10க்குக் கீழே, எட்டும் முதல் தடவை. தீர்ந்தது. பெரியவரிடம் போய்ச் சொன்னேன். நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, டீ போடச் சொன்னார்.